பிஸ்டனை வெட்டாதீர்கள்: பழைய ஸ்கூட்டர் தம்பி, தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளுக்கு,

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அப்பா காலத்து, தாத்தா காலத்து ஸ்கூட்டரைத் தூசு தட்டி, எஞ்சினைப் பிரித்து, பிக்கப் ஏற்றி ஓட்டுகிற உங்கள் எல்லாருக்குமாக இதை எழுதுகிறேன். சேத்தக், விஜய் சூப்பர், லாம்பி, லாம்பரெட்டா ஜி.பி., எல்.எம்.எல்., எதுவாக இருந்தாலும் சரி, டூ-ஸ்ட்ரோக் வண்டி என்றால் இந்த மடல் உங்களுக்குத்தான்.

என்னுடையது லேத் பட்டறை. ரீபோர், கிராங்க் வேலை, சிலிண்டர் வேலை. கொஞ்ச நாளாக ஒரே புகார் திரும்பத் திரும்ப வருகிறது. “அண்ணே, கார்ப்பரேட்டர் பெட்ரோலைத் துப்புது. ஜெட்டை மாத்திட்டேன், ஃப்ளோட்டை மாத்திட்டேன், புது கார்ப்பரேட்டரே வாங்கிப் போட்டுட்டேன், நிக்கல.” அதே வாயால் அடுத்த வேண்டுகோளும் வரும்: “இந்தப் பிஸ்டன்ல கீழ இன்னும் ரெண்டு மில்லி எடுத்துக் குடுங்க.” முதல் புகாருக்குக் காரணமே இரண்டாவது வேண்டுகோள்தான் என்பதை ஒருவரும் உங்களுக்குச் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் நோய் எது என்று பிரித்துப் பாருங்கள். வண்டி நிற்கும்போது, டேப் திறந்திருக்கும்போது, கார்ப்பரேட்டரிலிருந்து பெட்ரோல் சொட்டினால் அது ஓவர் ஃப்ளோ. ஃப்ளோட் பின் உட்காரவில்லை, அல்லது ஃப்ளோட் ஓட்டையாகிவிட்டது. அதற்கும் நாம் பேசப்போவதற்கும் சம்பந்தம் இல்லை. ஓடும்போது கார்ப்பரேட்டர் வழியாக ‘டப்’ என்று சத்தத்தோடு வெடித்துத் திரும்பினால் அது இன்னொன்று: எங்கோ காற்று ஒழுகுகிறது, ஆயில் சீல் போய்விட்டது, கலவை வறண்டுவிட்டது, இல்லையென்றால் மேக்னெட்டின் சாவி அறுந்து டைமிங் நகர்ந்துவிட்டது. மூன்றாவதுதான் உண்மையான துப்பல். சத்தம் இருக்காது. ஐடிலிலும் மெதுவான ஓட்டத்திலும் கார்ப்பரேட்டர் வாய்க்கு முன்னால் பெட்ரோல் ஆவிபோல ஒரு சிறு மேகம் நின்று ஆடும். ஆக்சிலரேட்டரை முறுக்கி எஞ்சின் வேகம் பிடித்ததும் அந்த மேகம் உள்ளே போய் மறைந்துவிடும்.

சந்தேகம் இருந்தால் ஒரு வெள்ளைத் தாள் போதும். ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, எஞ்சின் ஐடிலில் ஓடும்போது வாய்க்கு நான்கு விரல் தள்ளிப் பிடியுங்கள். சில நொடிகளில் தாளில் நுண்ணிய புள்ளிகள் விழும். பெட்ரோல் உடனே காய்ந்துவிடும். அதில் கலந்த 2டி ஆயில் காயாது. வட்டமாக ஒரு எண்ணெய்க் கறை நின்றுவிட்டால் உங்கள் எஞ்சின் உறிஞ்சியதைத் திருப்பி அனுப்புகிறது என்று பொருள். இந்தச் சோதனையைத் திறந்த வெளியில் மட்டும் செய்யுங்கள். பிளக் வயர் நன்றாக மாட்டியிருக்க வேண்டும், பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்க வேண்டும், முகத்தைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது.

ஏன் திருப்பி அனுப்புகிறது? பிஸ்டன் மேலே ஏறும்போது கிராங்க் கேஸில் வெற்றிடம் உண்டாகிக் காற்றும் பெட்ரோலும் உள்ளே இழுக்கப்படுகின்றன. பிஸ்டன் டாப்பைத் தொட்டு இறங்கத் தொடங்கியதும் அதே கிராங்க் கேஸில் அழுத்தம் ஏறுகிறது. அந்த நேரத்தில் இன்லெட் வழி மூடியிருக்க வேண்டும். மூடாமல் திறந்தே இருந்தால் வந்த வழியே வெளியேறும். இவ்வளவுதான் விஷயம். துப்பல் என்பது முழுக்க முழுக்கக் கதவு மூடும் நேரத்தைப் பற்றியது, அல்லது மூடிய கதவு ஒழுகுவதைப் பற்றியது. கார்ப்பரேட்டர் அந்தக் கதவுக்கு வெளியே நிற்கிற அப்பாவி.

வேகத்தில் மட்டும் ஏன் நின்றுவிடுகிறது என்று கேட்பீர்கள். 1500 சுற்றில் ஒரு சுற்றுக்கு 40 மில்லி செகண்ட் ஆகிறது. டாப்புக்குப் பிறகு 75 டிகிரி வரை இன்லெட் திறந்திருந்தால், திரும்பி ஓட 8 மில்லி செகண்டுக்கு மேல் அவகாசம். 6000 சுற்றில் அதே 75 டிகிரிக்கு 2 மில்லி செகண்ட்தான். அதற்குள் வேகமாக உள்ளே வந்துகொண்டிருக்கும் காற்றைத் திருப்ப முடியாது. அது தன் வேகத்திலேயே உள்ளே புகுந்துவிடும். அதனால்தான் பந்தய எஞ்சின்களில் இன்லெட்டை நீண்ட நேரம் திறந்து வைக்கிறார்கள். பந்தய வண்டி பஸ் ஸ்டாண்டு முன்னால் முதல் கியரில் ஊர வேண்டியதில்லை. உங்கள் வண்டி நேருஜி சாலை நெரிசலில் ஊர வேண்டும்.

இனி வண்டிக்கு வண்டி.

லாம்பரெட்டா வகைகளில் பிஸ்டனின் கீழ்ப்பகுதியான ஸ்கர்ட்தான் கதவு. இந்த வண்டிகள் நம் நாட்டில் இரண்டு இடங்களிலிருந்து வந்தன. ஒன்று ஏ.பி.ஐ. 1949-ல் பம்பாயில் பிரிட்டனின் ரூட்ஸ் குழுமம் தொடங்கி, பிறகு சென்னையின் எம்.ஏ. சிதம்பரம் குழுமத்தின் கைக்கு வந்த நிறுவனம். அம்பத்தூரிலும் அதற்குத் தொழிற்சாலை இருந்தது. லாம்பி அவர்களுடையது. இன்னொன்று, இத்தாலியின் இன்னொசென்டி ஆலையை எந்திரங்களோடு இந்திய அரசு 1972-ல் வாங்கி லக்னோவில் நிறுவிய ஸ்கூட்டர்ஸ் இந்தியா. விஜய் சூப்பரும் ஜி.பி. 150-ம் அங்கிருந்து வந்தவை. 1997-ல் அங்கே ஸ்கூட்டர் உற்பத்தி நின்றது. வெளியூரில் இந்த வண்டிக்கு இன்றைக்கும் இருக்கிற மரியாதையைப் பார்த்தால், நீங்கள் வீட்டில் வைத்திருப்பது என்ன என்று புரியும்.

ஜி.பி. 150-ன் அளவுகளை எடுத்துக்கொள்வோம். போர் 57, ஸ்ட்ரோக் 58, கனெக்டிங் ராடு 107 மில்லி. இந்தக் கணக்கில் இன்லெட் திறக்கும் பகுதியில் ஸ்கர்ட்டை 1 மில்லி வெட்டினால் கதவு சுமார் 2 டிகிரி முன்னதாகத் திறக்கும். 2 டிகிரி தாமதமாக மூடும். மொத்தம் 4 டிகிரி. பிஸ்டன் கதவுக்கு இரண்டு பக்கமும் ஒரே கணக்கு என்பதால், திறப்பை மட்டும் நீட்டி மூடலை அப்படியே வைக்க வழியில்லை. “ரெண்டு மில்லி, ரெண்டு மில்லி” என்று இரண்டு முறை வெட்டி வாங்கிப் போகிறவர் 16 டிகிரி கூட்டிக்கொண்டு போகிறார். போர்ட்டின் அடித்தளத்தையும் ராவியிருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த எஞ்சின் துப்பாமல் என்ன செய்யும்?

இதற்கு வைத்தியம் எளிது, மலிவும்கூட. வெட்டாத புதுப் பிஸ்டன் போடுங்கள். போர்ட்டின் அடிப்பக்கம் ராவாமல் இருந்தால் பாதிக்கு மேல் நோய் அன்றைக்கே தீர்ந்துவிடும். கூடுதல் காற்று வேண்டும் என்றால் போர்ட்டை உயரத்தில் தொடாமல் அகலத்தில் கொஞ்சம் எடுங்கள். அகலம் கூடினால் வழி பெரிதாகுமே தவிர நேரம் மாறாது. அடிப்பக்கம் ஏற்கெனவே போய்விட்டது என்றால் இரண்டே வழிதான்: சிலிண்டருக்குப் புது ஸ்லீவ் அடித்துப் போர்ட்டைச் சரியான உயரத்தில் மறுபடி எடுப்பது, அல்லது ரீட் வால்வுக்கு மாறுவது. இன்னொன்றும் உண்டு. போர் தேய்ந்து, பிஸ்டன் சிலிண்டருக்குள் ஆடினால், வெட்டாத ஸ்கர்ட்டும் ஒழுகும். துப்பல் என்று வரும் பழைய வண்டிகளில் டியூனிங்கே செய்யாதவையும் உண்டு. அவற்றுக்கு வேண்டியது ரீபோர் மட்டும்தான்.

சேத்தக் வேறு சாதி. பியாஜியோ உரிமம் முடிந்த பிறகு, 1972-ல் பஜாஜ் தன் பெயரில் கொண்டுவந்த வண்டி; உடல் வெஸ்பாவுடையதுதான். இதில் பிஸ்டன் கதவு இல்லை. சுழல்கிற கிராங்க்கின் வெயிட் விளிம்புதான், கிராங்க் கேஸில் உள்ள ஒரு வழவழப்பான தளத்தை உரசாமல் உரசிக்கொண்டு போய், இன்லெட்டைத் திறந்து மூடுகிறது. இடைவெளி ஒரு மில்லியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. இந்த அமைப்பில் ஒரு வசதி உண்டு: திறப்பையும் மூடலையும் தனித்தனியாக மாற்றலாம். வெயிட்டில் திறக்கிற பக்கத்தை அளவோடு எடுத்தால் வண்டி குடித்துக்கொள்ளும், துப்பாது. மூடுகிற பக்கத்தை எடுத்தால்தான் துப்பும். டாப்புக்குப் பிறகு 70 டிகிரியைத் தாண்டி மூடும்படி வெட்டிய கிராங்க், ஐடிலில் துப்பியே தீரும். அப்படி வெட்டிய கிராங்க்கை ஊருக்குள் ஓட்டும் வண்டியில் வைத்திருக்காதீர்கள். வேறு கிராங்க் போடுங்கள்.

ஆனால் சேத்தக்கில் நான் அதிகம் பார்ப்பது வெட்டு அல்ல, கோடு. ஏர் ஃபில்டர் இல்லாமல் ஓட்டிய வண்டியில் மண் உள்ளே போய், அல்லது பேரிங் கூண்டு உடைந்து துகள் சிக்கி, அந்த வழவழப்பான தளத்தில் உழுதது போலக் கோடு விழுந்திருக்கும். கதவு மூடியும் அந்தக் கோடுகள் வழியாகக் காற்று பின்னால் வரும். இதைக் கண்டுபிடிக்கக் கார்ப்பரேட்டரைக் கழற்றினால் போதும். கிராங்க்கைத் திருப்பி வெயிட் இன்லெட்டை முழுதாக மூடும் இடத்தில் நிறுத்துங்கள். அந்தக் குழியில் ஒரு ஸ்பூன் 2டி ஆயில் ஊற்றுங்கள். தளம் நன்றாக இருந்தால் எண்ணெய் அங்கேயே தேங்கி, மெல்ல மெல்லத்தான் இறங்கும். ஊற்றிய வேகத்தில் காணாமல் போனால் தளம் போய்விட்டது. டார்ச் அடித்து விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டினால் அது ஒழுகுகிற கோடு. மேலே வெல்டிங் வைத்துத் திரும்பக் கடைந்து எடுக்க முடியும், ஆனால் சூட்டில் கேஸ் கோணாமல் செய்கிற கை வேண்டும். எம்-சீல் போன்றவற்றை அங்கே அப்பவே அப்பாதீர்கள். பெயர்ந்து கிராங்க்குக்குள் போனால் எஞ்சினே போய்விடும். தளம் மோசமாகப் போயிருந்தால் ரீட் வால்வு பெட்டி பொருத்திக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து.

ரீட் வால்வு என்றால் உங்களுக்கு அறிமுகம் தேவையில்லை. ஆர்.எக்ஸ். 100 ஓட்டாத வீதி நம் மாவட்டத்தில் எது? அந்த வண்டியின் பிக்கப்புக்கு ரீட் ஒரு முக்கியக் காரணம். மெல்லிய இதழ்கள் உள்ளிழுக்கும்போது திறக்கும், பின்னழுத்தம் வந்தவுடன் தானே மூடிக்கொள்ளும். கதவு தன் நேரத்தைத் தானே பார்த்துக்கொள்வதால் துப்பல் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. பிரிட்டனில் 1980-களில் லாம்பரெட்டாவுக்கு டிஎஸ்1 என்ற ரீட் வால்வு சிலிண்டர் வந்ததும் ஓட்டத்தின் கணக்கே மாறிப்போனது. ரீட் போட்ட வண்டியும் துப்பினால் இதழைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். முனை உடைந்திருந்தாலோ, படியாமல் தூக்கி நின்றாலோ மாற்றிவிடுங்கள். உடைந்த எஃகு இதழ் உள்ளே போனால் சிலிண்டரைக் கீறிவிடும், தள்ளிப்போடாதீர்கள்.

இப்போது நான் சொல்ல வந்ததில் முக்கியமானதுக்கு வருகிறேன். துப்புகிற வண்டியில் காற்று ஜெட்டின் மீது மூன்று முறை போகிறது: உள்ளே ஒரு முறை, திரும்பி வெளியே ஒரு முறை, மறுபடி உள்ளே ஒரு முறை. ஒவ்வொரு முறையும் பெட்ரோலை அள்ளிக்கொள்கிறது. அதனால் கீழ் வேகத்தில் கலவை கெட்டியாகி வண்டி மிஸ்ஸிங் அடிக்கிறது, பிளக் கருக்கிறது, மைலேஜ் விழுகிறது. இதைப் பார்த்ததும் “பெட்ரோல் அதிகம், மெயின் ஜெட்டைக் குறை” என்று யாரோ சொல்கிறார்கள். குறைத்தால் ஊருக்குள் கொஞ்சம் சரியானது போலத் தெரியும். ஆனால் அந்த மெயின் ஜெட் வேலை செய்வது ஆக்சிலரேட்டரை முழுதாக முறுக்கும்போது. அந்த வேகத்தில் துப்பல் இல்லை; காற்று ஒரே முறைதான் போகிறது. அப்போது அந்தச் சின்ன ஜெட் தருகிற பெட்ரோல் போதாது. டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறைகிறது. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரைக்கும் ஜி.எஸ்.டி. சாலை நேராக விரிந்து கிடக்கிறது; கூட்டேரிப்பட்டு தாண்டி, விக்கிரவாண்டி டோல்கேட் வரை முறுக்கின கையை யாரும் விடுவதில்லை. அங்கேதான் பிஸ்டன் ஜாம் ஆகிறது. பின் சக்கரம் பூட்டிக்கொண்டால் பின்னால் வரும் பஸ்ஸுக்கு நிற்க இடம் இருக்காது.

அப்படி ஜாம் ஆன சிலிண்டர்கள் என் பட்டறை மேசைக்கு வருகின்றன. எக்ஸாஸ்ட் பக்கம் பிஸ்டன் வழித்து, அலுமினியம் சிலிண்டர் சுவரில் ஈயம் பூசியதுபோல ஒட்டிக் கிடக்கும். அந்த வண்டியின் கார்ப்பரேட்டரைக் கழற்றிப் பார்த்தால் ஒரு சின்ன ஜெட் இருக்கும். பிஸ்டனைத் திருப்பிப் பார்த்தால் ஸ்கர்ட் வெட்டியிருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறபோது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இரண்டும் வேண்டாத வேலைகள்; இரண்டுக்கும் காசு கொடுத்திருக்கிறார்கள்.

பெட்ரோலும் இப்போது பழைய பெட்ரோல் இல்லை. பங்க்குகளில் பெரும்பாலும் 20 சதவீத எத்தனால் கலந்ததுதான் கிடைக்கிறது. அதே அளவு காற்றுக்கு இதற்குக் கொஞ்சம் கூடுதல் எரிபொருள் வேண்டும். பழைய ஜெட்டிலேயே ஓடினால் வண்டி வறண்டுதான் ஓடும். அதன் மேல் ஜெட்டையும் குறைத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். பழைய ரப்பர் டியூபும் ஃப்ளோட் பின் முனையும் எத்தனாலில் ஊறிக் கெடுகின்றன, அவற்றை மாற்றிவிடுங்கள்.

ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பஞ்சு ஃபில்டர் மாட்டுகிற பழக்கத்தையும் விடுங்கள். லாம்பரெட்டாவில் இருக்கைக்குக் கீழே உள்ள காற்றுப் பெட்டியும் அதிலிருந்து வரும் ரப்பர் குழாயும், சேத்தக்கில் கார்ப்பரேட்டரைச் சுற்றியுள்ள பெட்டியும் சும்மா வைத்தவை அல்ல. கொஞ்சம் துப்பினாலும் அந்த மேகத்தைப் பிடித்து வைத்து, அடுத்த இழுப்பில் உள்ளே அனுப்புவது அவைதான். திறந்த ஃபில்டரில் அது பஞ்சை நனைத்து, சொட்டி, சூடான சிலிண்டருக்குப் பக்கத்தில் விழுகிறது. சேத்தக்கில் இதெல்லாம் வலது பக்க மூடிக்குள், காற்றோட்டம் குறைந்த இடத்தில் நடக்கிறது. ஒரு தீப்பொறி போதும்.

கார்ப்பரேட்டர் அளவிலும் நிதானம் வேண்டும். ஜி.பி. 150-க்கு 22 மில்லி, சேத்தக்குக்கு 20 மில்லி என்று கம்பெனி வைத்தது காரணத்தோடுதான். 150 சிசி எஞ்சினில் 28 மில்லி மாட்டினால் வாயில் காற்றின் வேகம் குறைந்து, இருக்கிற துப்பல் இன்னும் கூடும்.

எதைத் தொடுவதற்கு முன்னாலும் அளவெடுங்கள். டிகிரி வட்டம் ஒன்றை அச்சிட்டு அட்டையில் ஒட்டி மேக்னெட்டில் மாட்டுங்கள். பிளக் துளையில் ஒரு தடுப்பு வைத்து, இரண்டு பக்கமும் முட்டும் இடங்களைக் குறித்து, நடுவைப் பிடித்தால் அது சரியான டாப். பிறகு இன்லெட் எந்த டிகிரியில் திறக்கிறது, எந்த டிகிரியில் மூடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மாலை நேர வேலை. உங்கள் மெக்கானிக் அண்ணனோடு உட்கார்ந்தே செய்யலாம். அவருக்கும் உங்களுக்கும் சண்டை வராமல் இருக்கும்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 2021-ல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டிகளைப் பாரம்பரிய வண்டி என்று பதிந்துகொள்ளலாம். ஆனால் சேஸிஸிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. லக்னோவில் 1975-ல் உற்பத்தியான முதல் வண்டிகள் இப்போதுதான் அந்த வயதைத் தொடுகின்றன. தாத்தா வண்டியின் எஞ்சினில் கைவைக்கும் முன் அதையும் யோசியுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இனிமேல் ஸ்கர்ட்டை வெட்டித் தரச்சொல்லி என்னிடம் வராதீர்கள். அளவு இல்லாமல் நான் வெட்டுவதாக இல்லை. இன்லெட் திறப்பு, மூடல் டிகிரி இரண்டையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி, ஏர் ஃபில்டர் பெட்டியோடு வண்டியைக் கொண்டு வாருங்கள். எந்த ஊர்ப் பட்டறைக்குப் போனாலும் இதையே செய்யுங்கள். ஜெட்டைக் குறைத்து ஓட்டிக்கொண்டிருப்பவர்கள், அடுத்த முறை ஜி.எஸ்.டி. சாலையில் ஏறும் முன் பழைய மெயின் ஜெட்டைத் திரும்ப மாட்டிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
விழுப்புரத்திலிருந்து உங்கள் லேத் பட்டறை அண்ணன்